துத்தநாகத்துக்குப் பக்கத்தில்

திங்கட்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்ததுமே கீதா டீச்சரின் கண் துத்தநாக பாட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. இரண்டு பாட்டில் வைக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அதற்கப்பால் வரிசை மறுபடி ஒழுங்காகப் போயிற்று. கீதாவுக்குச் சுருக்கென்றது.

சாவி இரண்டு பேரிடம்தான். ஒருத்தி இவள். இன்னொருத்தி ஆய்வக உதவியாளர் தேவயானி, மூன்று மாதம் முன்பு தற்காலிகமாகச் சேர்ந்தவள். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் கீதா அவளைப் பற்றி நல்லவிதமாக நாலு வரி எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் தனியாக இருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல் எதற்கு அத்தனை அக்கறை? திருப்புலிவனத்தில் நம் கழனியில் நாற்று நடுகிற மங்கம்மாவின் மகள்தானே என்று நினைப்பு ஓடியது. அந்த 'தானே'வுக்கு என்ன நியாயம் என்று கீதா தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் கேள்வியெல்லாம் அடுத்தவருக்குத்தான்.

நேரே தலைமையாசிரியர் தாண்டவராயனிடம் போய், இரண்டு பாட்டிலைக் காணோம், தேவயானிமேல்தான் சந்தேகம் என்று சொல்லிவிட்டாள். அவர் தேவயானியைக் கூப்பிட்டுப் பையைத் திறக்கச் சொன்னார். சாப்பாட்டு டப்பா, குடை, நாலாக மடித்த ஒரு தாள். தாளைப் பிரித்தார். மெண்டெலீவ் அந்தக் காலத்தில் போட்ட தனிம அட்டவணையைப் பென்சிலால் கட்டம் கட்டமாக எழுதியிருந்தாள். துத்தநாகத்தை அடுத்து இரண்டு கட்டங்களில் ஒன்றுமில்லை.

"நீங்க போன வாரம் நடத்தினதுதான் மேடம்," என்றாள் தேவயானி. குரல் உயரவில்லை. "பின்னால நின்னு கேட்டுக்கினு இருந்தேன். அப்டியே அடுக்கி வெச்சேன். நம்மகிட்ட இல்லாததுக்கு வெறும் பாட்டில்ல பேர் ஒட்டிகீறேன். அப்போ யாருமே கண்டுபுடிக்காததுக்கு எடம் மட்டும் வுட்டுகீறேன்."

கீதாவின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த இரண்டு காலிக் கட்டங்களைத்தான் வகுப்பில் அரை மணி நேரம் சிலாகித்திருந்தாள். தெரியாததற்கு இடம் விட்டுக் காத்திருக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும், பின்னால் காலியமும் ஜெர்மானியமும் வந்து அந்த இடத்தில் எப்படி உட்கார்ந்தன என்றெல்லாம் வாய் வலிக்கச் சொன்னவள், சொந்த அலமாரியில் அதைப் பார்த்ததும் திருட்டு என்றுதான் நினைத்தாள். வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே நல்லவிதமாக எழுதிக் கொடுத்தாள். மன்னிப்பும் கேட்டாள். தேவயானி தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் கிளம்பும்போது தேவயானி பையைத் திறந்து கீதாவின் மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். வேண்டாம் என்றாள் கீதா. மறுநாளும் திறந்து வைத்தாள். வேலை நிரந்தரமான பிறகும் வைத்தாள்.

"பாத்துடுங்க மேடம்," என்பாள். கீதா குனிந்து பார்க்கும் வரை நகரமாட்டாள்.