பண்ணையாளுக்கு ஒரு நடை

ஆறு மாதம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் மாறி மாறி வந்து அனிமேஷன் படித்த சிநேகாவுக்கு, கடைசிப் பரீட்சைக்கென்று கொடுத்த பொம்மையைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

சென்டரில் பதினோரு பேர் படித்தார்கள். ஓனர் காசிநாதன், குழந்தைகளுக்கு நீதிக்கதை வீடியோ செய்து விற்கிறவர். அப்படி ஒரு கதையிலிருந்து ஆளுக்கொரு பொம்மை. கம்ப்யூட்டரில் அதை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, மூட்டுக்கு மூட்டு எலும்பு போட்டு, பத்து விநாடி நடக்கவிட வேண்டும். யாருடைய பொம்மை நன்றாக நடக்கிறதோ அவருக்கு அங்கேயே வேலை. கவியாவுக்குப் பண்ணையார் கிடைத்தார். சிநேகாவுக்குப் பண்ணையாள்.

பண்ணையார் கை தனி, கால் தனி என்று ஒழுங்காகப் பிரித்தே வந்திருந்தார். பண்ணையாள் ஒரே துண்டு. முதுகு வளைந்து, இரண்டு கையும் மார்போடு ஒட்டிக் கும்பிட்டபடி நின்றான். இந்த ஜென்மத்தை எங்கே நடக்கவிடுவது? சொல்லிக்கொடுக்கிற ஹேமந்த்திடம் போய்க் கேட்டாள். அவன் மொபைலிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அவனுக்கு எதுக்கும்மா கை? கதை முழுக்க கும்புட்டுகினுதான் நிக்கப்போறான். லேசா ஆட்டி வுடு, போதும்."

நடக்காத பொம்மையைக் கொடுத்துவிட்டு நடைக்கு மார்க் போட்டால் அது என்ன நியாயம்? கொடுத்தவன் தெரிந்து செய்தானோ தெரியாமல் செய்தானோ, போகிற வேலை அவளுடையதுதானே. போதாக்குறைக்கு, அவள் தாத்தா கருங்குழிப் பக்கம் ஒருவர் வயலில் ஆயுசு முழுக்க இப்படித்தான் நின்றவர். இருடா, இவனை நடக்கவைத்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள்.

கையை வெட்டி எடுத்தால் அடியில் மார்பே இல்லை. வெறும் ஓட்டை. வரைந்தவன் அங்கே ஒன்றுமே வரையவில்லை. அவளே மார்பு வரைந்தாள், தோள் வரைந்தாள். வளைந்த முதுகைத் தூக்கி எறிந்துவிட்டு நேர் முதுகாகப் போட்டாள். உடம்பு ஆயிற்று, நடைக்கு எங்கே போவது? அப்பா ஸ்டான்லியைப் பிடித்தாள். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்துக்குக் கம்பம் நடந்து பழகிய நெட்டைக் கால். வீசிப்போட்டு, தோளை விரித்து நடப்பார். தெருவில் மேலும் கீழும் நடக்கச் சொல்லி மொபைலில் பிடித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி நடக்கவிட்டுப் பார்க்கிறாயே என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார் மனிதர். பாதம் எப்போது தரையில் படுகிறது, இடுப்பு எப்போது ஏறுகிறது என்று அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒன்பது நாள் மாரடித்தாள்.

பரீட்சை அன்று பெரிய திரையில் பண்ணையாள் நடந்தான். காசிநாதன் மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார். வேலை உனக்குத்தான் என்றார். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குக் கோபமெல்லாம் இறங்கிப்போய்விட்டது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை.

"சூப்பர் நடைம்மா. இத்த அப்டியே எடுத்து பண்ணையாருக்குப் போட்ரு. பண்ணையாளு பழைய மாதிரியே கும்புட்டுகினு நிக்கட்டும். இதான் உன் மொதோ வேலை."

அது தன் அப்பாவின் நடை, பண்ணையாருக்குத் தர முடியாது என்றாள் சிநேகா. காசிநாதன் சிரித்தார். ஃபைல் தன்னுடைய சிஸ்டத்தில்தானே இருக்கிறது, அவள் என்ன தருவது என்றார். காப்பி பண்ணி ஒட்டச் சொல்லி ஹேமந்த்துக்குக் கை காட்டினார்.

ஒட்டினான். பண்ணையார் நடந்தார். அவருக்கோ குட்டைக் கால், பானை வயிறு. நெட்டைக் காலுக்கு அளந்து வைத்த நடை அதில் எப்படி உட்காரும்? பாதம் தரைக்குள் புதைந்தது. கால் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கமாக வழுக்கி வழுக்கிப் போனார். கவியா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேமந்த் எதை எதையோ அழுத்திப் பார்த்தான். பண்ணையார் இன்னும் கொஞ்சம் புதைந்தார். மறுநாள் வீடியோ போயாக வேண்டும். காசிநாதனுக்குச் சிரிப்பு போய்விட்டது. இதைச் சரிபண்ணத் தெரியுமா என்று சிநேகாவைக் கேட்டார்.

"தெரியும் சார். ஒரு மணி நேர வேலை. செய்ய மாட்டேன்."

அப்போ வேலை வேண்டாமா என்றார்.

"வேணும் சார். அதுக்குத்தான் ஆறு மாசமா வந்துகினு இருந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அப்பா ஃபோன் செய்து, வேலை கிடைத்ததா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னாள். பண்ணையார் எப்படித்தான் நடந்தார் என்று அப்பா கேட்டார்.

"வழுக்கிகினே போனான்ப்பா."

ஸ்டான்லி சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சொல்லி வேறு சிரித்தார். சிநேகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மார்பும் முதுகும் அவள் வரைந்து கொடுத்த பண்ணையாளை இந்நேரம் அழித்திருப்பார்கள். நாளைக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கும்பிடைத்தான் பார்க்கப்போகின்றன.

"சிரிக்காதப்பா," என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.