முன்வரிசை ஓரத்தில் தெரிந்த இடைவெளி

என் மகன் சிவதர்ஷன் மேடையில் மனைவியை அடிக்கிற கணவனாக நடிக்கிறான் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சினம் ஏறியது. எங்கள் குடும்பத்தில் எவனும் பெண் மேல் கை வைத்ததில்லை. போதாததற்கு, தங்கள் மகள் கோசிகாவை அவனுக்குப் பேசிக்கொண்டிருந்த சற்குணமும் கலாவதியும் நாடகம் பார்க்க லண்டனின் மறுகோடியிலுள்ள ஈஸ்ட் ஹாமிலிருந்து எங்கள் ஹரோவுக்கு வருகிறார்கள்.

"சனம் என்ன கதைக்கும்? எங்களுக்கு ஒரு மானம் இல்லையோ?" என்றேன்.

"அப்பா, கை கன்னத்தில படாது. மனுசியா நடிக்கிற தாரகாதான் தன்ர கையைத் தட்டிச் சத்தம் போடுவா. முன்வரிசை ஓரத்தில மட்டும் ஒருத்தரையும் இருத்தாதேங்கோ. அங்கயிருந்து பாத்தா இடைவெளி தெரியும்."

சம்பந்தம் பேசுகிறவர்களைப் பின்னால் இருத்துகிற வழக்கம் எங்களிடம் இல்லை. முன்வரிசையில் ஓரம்தான் மிச்சம் இருந்தது. அங்கேயே இருத்தி, நானும் பக்கத்தில் இருந்தேன்.

முதல் அடி விழுந்தது. பின்னால் ஒருவர், "அடப்பாவி!" என்றார். சனம் இதை எப்படிப் பார்க்கிறது என்று அறியும் ஆவலில் நான் மேடையை விட்டு முகங்களைப் பார்த்தேன். கலாவதி முழங்கையால் தன் முகத்தை மறைத்திருந்தார். மேடையில் கை ஓங்கியபோதே அந்த முழங்கை எழும்பியிருக்க வேண்டும். சற்குணம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் அடிக்குக் கலாவதி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

இடைவேளையில் தேநீரோடு சற்குணம் தொடங்கினார். "அண்ணை, பெடியன் இப்பிடி வேஷம் போட்டால் சனம் என்ன கதைக்கும்? எங்களுக்கும் மானம் இருக்கு. சம்பந்தத்தை யோசிக்கத்தான் வேணும்."

என் சொற்களே அவர் வாயிலிருந்து வந்தது விசித்திரமாக இருந்தது. "அப்ப விடுவம்" என்று சொல்ல நிமிர்ந்தேன்.

"அண்ணை," என்றார் கலாவதி. அதுவரை அவர் என்னோடு நேரே பேசியதில்லை. "கை படேல்லைத்தானே?"

"இல்லை, தங்கச்சி."

"ஓம், கண்டனான். கிட்ட வந்து நிண்டது. அவ்வளவு கோவத்திலயும் நிண்டது."

"அது நடிப்பப்பா!" சற்குணம் சிரித்தார்.

கலாவதி அவரைப் பார்க்கவில்லை. "நிப்பாட்ட ஏலுமெண்டு இண்டைக்குத்தான் கண்டனான். கோசிகாவை இந்த வீட்டுக்குத்தான் குடுப்பன்."

சற்குணத்தின் சிரிப்பு நின்றது. "வீட்ட போய்க் கதைப்பம், வா."

"இல்லை, தம்பி, இஞ்சயே கதைப்பம்," என்று கலாவதிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.