குறை இல்லை, சார்!

முன்னாள் படைவீரர்களுக்கான அந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கதவை மாட்டியவன் எவனோ, அவன் மட்டும் பாய்லர் கையில் கிடைத்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாள். கனத்த இரும்புக் கதவு. அது மெதுவாகச் சாத்திக்கொள்வதற்கென்று மேலே பொருத்தியிருந்த கம்பி எப்போதோ உடைந்து, ஒரு திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. யார் உள்ளே போனாலும், யார் வெளியே வந்தாலும் கதவு தானாகப் போய்ச் சட்டத்தில் மோதும். டமார்! ஒவ்வொரு டமாருக்கும் காத்திருப்பு அறை நாற்காலிகளில் இருக்கும் ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு தூக்கிப்போடும். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள். சத்தம் கேட்டாலே உயிர் போய் உயிர் வருகிறது என்று வைத்தியத்துக்கு வந்தவர்களுக்கு இப்படி ஒரு கதவு. சுவரில் மட்டும் 'உங்கள் தியாகத்தை நாங்கள் மறக்கவில்லை' என்று பெரிதாக எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

பாய்லர் என்பது அவள் வேலை பார்க்கும் ஹோட்டல் சலவைக்கூடத்தில் வைத்த பெயர். அங்கே நிஜமான பாய்லர் ஒன்று உண்டு. அது சூடேற அரை மணி நேரம் ஆகும், இவளுக்கு அதுகூடத் தேவையில்லை என்பார்கள் கூட வேலை செய்யும் பெண்கள். ஈரப் போர்வைகளை உதறி, நீராவி உருளைக்குள் செலுத்தி, அந்தப் பக்கம் மடிப்புக் கலையாமல் வாங்கும் வேலை. கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குத் திட்டும். மேலாளரே அவள் இருக்கும் பக்கம் வருவதென்றால் தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் வருவார்.

அவள் புருஷனைத் தெருவே சார்ஜன்ட் என்று கூப்பிட்டது. படையிலிருந்து வந்து வருஷங்கள் ஆகியும் பட்டம் போகவில்லை. அவள் மட்டும்தான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அவர் "என்னங்க", அவ்வளவுதான்.

போன தடவை அவரைக் கூட்டி வந்தபோதே கதவைப் பற்றிக் காவலாளியிடம் கேட்டுப் பார்த்தாள். "மெயின்டனன்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கோம்மா" என்றார் அவர், ஏதோ மழைக்கு எழுதிப் போட்டிருக்கிற மாதிரி. அதனால் இந்தத் தடவை ஹோட்டலில் கழித்துப்போட்ட தடித்த துண்டு ஒன்றைப் பையில் வைத்து எடுத்து வந்திருந்தாள். வந்ததும் அதைக் கதவின் தாழ்ப்பாளில் சுற்றப் போனாள். காவலாளி ஓடி வந்தார்.

"கதவுல எதையும் கட்டக் கூடாதும்மா. ரூல்ஸ் இருக்கு."

"காது கேக்குதா உங்களுக்கு? இந்த மனுஷங்க எப்படி நடுங்குறாங்கன்னு தெரியுதா?"

"நான் என்னம்மா பண்ண முடியும்? எடுங்க, எடுங்க."

அவள் துண்டை உருவிப் பைக்குள் திணித்தாள். இன்றைக்குச் சண்டை இவரோடு இல்லை. கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏனென்றால் இன்றைக்கு விட்டால் கிடையாது. இந்த மருத்துவமனையின் உள்வார்டில் இந்த நடுக்கத்துக்கென்றே தங்கவைத்துச் செய்யும் சிகிச்சை உண்டு. ஆனால் ஆள் தன் வாயால் கேட்க வேண்டும். பெண்டாட்டி சொன்னால் செல்லாது, பிள்ளை சொன்னால் செல்லாது. இரண்டு தடவை வந்தாகிவிட்டது. மூன்றாவது தடவையும் 'குறை எதுவும் இல்லை' என்று பதிவானால் ஃபைலை மூடிவிடுவார்கள். பிறகு ஒரு வருஷம் இந்தப் பக்கமே வர முடியாது. இன்றைக்கும் அவர் வாய் திறக்காவிட்டால் மகளோடு தங்கை வீட்டிலேயே இருந்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதை அவரிடம் சொல்லியும் விட்டாள். "சரி" என்றார் அவர். அந்தச் சரிதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சார்ஜன்ட் வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் முதுகுக்குச் சுவர் இருக்கும்படிதான் உட்காருவார். அன்றைக்குச் சுவருக்கு வெள்ளையடிக்க நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டிருந்தது. மகள் பூனை போலப் பின்னால் வந்தாள். இரண்டு கைகளாலும் அப்பாவின் கண்ணைப் பொத்தி, "யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்!" என்றாள். அடுத்த நொடி அவள் எதிர்ச் சுவரில் போய் விழுந்து கிடந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவரேதான், செருப்புக்கூடப் போடாமல்.

பாய்லரின் தங்கை வந்து பிள்ளையைக் கூட்டிப் போனாள். "மாமா மேல எனக்குக் கோவம் இல்லக்கா. ஆனா அவர் சரியாகுற வரைக்கும் பாப்பா எங்கிட்டதான் இருப்பா" என்றாள். கட்டுப் போட்ட கையோடு பாப்பா போனில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அப்பாவுக்கு இன்னும் என் மேல கோவமா?" இதற்கு என்ன பதில் சொல்வது? யாரைப் போய் அடிப்பது?

முதல் தடவை வந்தபோது அவளை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே போனவர் போன வேகத்தில் திரும்பினார். இரண்டாம் தடவை அடம்பிடித்துக் கூடவே போனாள். டாக்டர் ஓய்வுபெற்ற மேஜர். மேஜைமேல் இருந்த பலகையில் பெயருக்கு முன்னால் அந்தப் பதவியும் இருந்தது. "எப்படி இருக்கீங்க சார்ஜன்ட்? குறை ஏதாவது உண்டா?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், இவர் நாற்காலியிலிருந்து எழுந்து, குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "குறை இல்லை, சார்!" என்றார். அறை அதிர்ந்தது. முந்தைய நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து, தூக்கம் இல்லை என்று சொல்லுங்கள், பயம் என்று சொல்லுங்கள் எனக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தாள். எல்லாம் காற்றோடு போயிற்று. வீடு வரும் வரை பஸ்ஸில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம் ரேடியோ வீட்டுக்கு வந்தான். படையில் சார்ஜன்டின் கீழே தொலைத்தொடர்புக் கருவி சுமந்தவன், அதனால் அந்தப் பெயர். இதே வார்டில் தங்கிக் குணமானவன். இந்த இடத்தைப் பற்றி அவளுக்குச் சொன்னதே அவன்தான். அவள் கொட்டித் தீர்த்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"அண்ணி, தினமும் காலையில எங்களை வரிசையா நிக்க வெச்சுக் கேப்பாங்க, குறை ஏதாவது உண்டான்னு. எல்லாரும் சேந்து 'இல்லை சார்'னு கத்தணும். இருக்குன்னு ஒருத்தன் வாயைத் திறந்தா அவன் கதை கந்தல். இருபது வருஷம் கத்தியிருக்காரு. கேள்வி காதுல விழுந்தா பதில் தானா வந்துடும்."

"அப்போ உன்னை மட்டும் எப்படி இங்க சேத்தாங்க?"

"நான் எங்க சொன்னேன்? அப்போ நான் படையிலதான் இருந்தேன், மேல இருந்து ரிப்போர்ட் வந்தாலே இங்க சேத்துப்பாங்க. எனக்குக் கை நடுங்குது, நானா உளறுறேன்னு மேல ரிப்போர்ட் குடுத்தது அவருதான். ஆபீசர் முடியாதுன்னு சொல்லிட்டான். விடாம சண்டை போட்டு வண்டி ஏத்தி அனுப்பினாரு. தன் ஆளுங்களைப் பத்தின ரிப்போர்ட்ல அண்ணன் ஒரு வார்த்தை பொய் சொல்ல மாட்டாரு. தன்னைப் பத்தின்னா, உண்மையே வராது."

அன்றைக்கு அது பாய்லர் மண்டையில் ஏறவில்லை. ஊரான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவருக்குப் பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையே என்ற ஆத்திரம்தான் ஏறியது.

இப்போது செவிலியர் கூப்பிட்டார். எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ உள்ளேயிருந்து வெளியே வந்தார்கள். டமார்! சார்ஜன்ட் சுவரில் உள்ளங்கையை ஊன்றி அப்படியே நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் தொடவில்லை. தொடக் கூடாது என்று தெரியும். அவர் கண் இந்த இடத்துக்குத் திரும்பி வரும் வரை காத்திருந்து, "வாங்க" என்றாள்.

டாக்டர் மேஜர் களைத்துப்போயிருந்தார். மேஜையில் ஆறிப்போன காபி, பக்கத்தில் இன்னும் பார்க்க வேண்டியவர்களின் ஃபைல்கள் ஒரு அடுக்கு. கெட்ட மனிதர் இல்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது, கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

"வாங்க சார்ஜன்ட். குறை ஏதாவது உண்டா?"

நாற்காலி கிறீச்சிட்டது. குதிகால்கள் சேர்ந்தன.

"குறை இல்லை, சார்!"

டாக்டர் அவளை ஒருமுறை பார்த்தார். பெருமூச்சு விட்டார். பேனாவைத் திறந்தார்.

பாய்லர் கொதித்தே விட்டாள்.

"எழுதாதீங்க! ஒரு எழுத்து எழுதாதீங்க!" டாக்டரிடம் சொல்லிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு தைரியம் உங்களுக்கு! ரேடியோவுக்குக் கை நடுங்குதுன்னு ஆபீசரோட மல்லுக்கு நின்னீங்களே, அப்போ எங்க போச்சு இந்தக் 'குறை இல்லை சாரு'? அவனுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? உங்களுக்குக் கீழ இருந்த ஒருத்தன் பெத்த பொண்ணையே தூக்கி வீசியிருந்தா, நல்லா இருக்கான் சார்னு ரிப்போர்ட் குடுப்பீங்களா? சொல்லுங்க! குடுப்பீங்களா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் தாடை அசைந்தது.

"குடுக்க மாட்டேன்" என்றார்.

டாக்டரின் கை நின்றது. பேனாவை மூடி வைத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். மறுபடி பேசியபோது அது டாக்டர் குரல் இல்லை, மேஜர் குரல்.

"சார்ஜன்ட். உங்க ஆள் ஒருத்தனைப் பத்தி ரிப்போர்ட்."

"எஸ் சார்." பிறகு ஆரம்பித்தார், ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக வெட்டி வைப்பது போல. "ஒரு ஆள், சார். தூக்கம் இல்லை. தூங்கினாலும் பக்கத்துல யாரும் படுக்க முடியாது. பின்னாடி ஆள் நின்னா பஸ்ல இருந்து நடுவழியில இறங்கிடுறான். கதவு சத்தம் கேட்டா எங்க இருக்கோம்னு தெரியறதில்லை. தினமும் குளிக்கிற ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு உக்காந்து அழுறான். வெளிய கேக்கக் கூடாதுன்னு."

தண்ணீரை இப்படியா வீணாக்குவது என்று அந்தக் கதவைத் தட்டிப் பாய்லர் திட்டாத நாள் கிடையாது.

"பொண்ணு விஷயம்?" என்றார் மேஜர்.

"பின்னாடி இருந்து வந்து கண்ணைப் பொத்துச்சு, சார். விளையாட்டுக்கு. சின்னக் கைன்னு தெரிஞ்சுது." குரல் அங்கே ஒருமுறை தடுக்கியது. "தெரிஞ்சும் கை நிக்கலை. வீசிட்டான்."

"உங்க சிபாரிசு?"

"வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சார். வீட்ல குழந்தை இருக்கு. கெட்டவன் இல்லை, சார். நல்ல ஆள். ஆனா தானா கேக்க மாட்டான். இங்கேயே வெச்சுக்கணும்."

"ஆள் யாரு?"

சார்ஜன்ட் பதில் சொல்ல வாயைத் திறந்தார். படையில் கொடுத்த எண்ணைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டார். சேர்ந்திருந்த குதிகால்கள் விலகின. தோள் இறங்கியது.

"நான்தான் சார்" என்றார்.

அவள் அழவில்லை. சந்தோஷப்படவும் முடியவில்லை. இரண்டு வருஷமாக அவள் கெஞ்சியும் கத்தியும் வராத வார்த்தை இப்போது வந்தது, அதுவும் யாரோ ஒருவனுக்காகப் பேசுவதாக நினைத்ததால்தான் வந்தது. தன்மேல் இரக்கப்படக்கூட இந்த மனிதர் இன்னொருவனாக மாற வேண்டியிருந்தது. இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அன்றைக்கே உள்வார்டில் படுக்கை கொடுத்தார்கள், சுவரோரமாக. உள்ளே கூட்டிப் போகும்போது சார்ஜன்ட் திரும்பினார்.

"பாப்பாகிட்ட..."

"என்ன சொல்லட்டும்?"

"அப்பாவுக்கு அவ மேல கோவம் இல்லைன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. போன் பண்ணித் தரேன்" என்றாள் அவள். சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தாள், சண்டை போடுவது போலத்தான் வந்தது. அவர் தலையாட்டினார்.

அவள் காத்திருப்பு அறைக்குத் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் கதவு மோதியது. டமார்! நாற்காலிகளில் இருந்த ஆண்கள் உடம்பு தூக்கிப்போட, சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். ஓரமாக இருந்த இளைஞன் காதைப் பொத்திக்கொண்டே குனிந்திருந்தான்.

பாய்லர் பையிலிருந்து துண்டை எடுத்தாள். தாழ்ப்பாளைச் சுற்றி, சட்டத்தோடு மோதும் விளிம்பில் மடித்து, நாளெல்லாம் போர்வை உதறுகிற கையால் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

காவலாளி எழுந்து வந்தார். "அம்மா, நான்தான் அப்பவே சொன்னேனே, கதவுல எதையும்..."

"கை வெச்சுப் பாருங்க" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

செவிலியர் அடுத்தவரைக் கூப்பிட்டார். குனிந்திருந்த இளைஞன் எழுந்து உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் கதவு போய்ச் சாத்திக்கொண்டது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.