நூற்று நாற்பத்திரண்டு என்று எழுதினேன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் சமாதானம் சொல்ல வேண்டாம். இது வேறு மாதிரிப் பொய். எனக்குச் சர்க்கரை நோய். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்தி, மெஷின் காட்டும் எண்ணை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மெஷின் 268 என்றது. நான் 142 என்று எழுதினேன்.

இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன், ஒன்றையும் யாரும் முழுசாக நம்பியதில்லை. இந்த நோட்டை மட்டும் என் மனைவி நம்பினாள். (நம்பினாள் என்று நான் நம்பினேன். இந்த அடைப்புக்குறியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“அவள் பேருந்து ஓட்டுகிறவள். கண்டிப்பானவள். அவள் முறைத்தாலே எனக்குச் சோறு தொண்டையில்

நிறுத்திவிட்டேன். பேருந்து ஓட்டுகிறாள் என்பது மட்டும்தான் நிஜம், கண்டிப்பு நான் ஒட்டவைத்தது. பொய் சொல்லும் புருஷன்மேல் உங்களுக்கு இரக்கம் வர வேண்டுமென்றால் மனைவி கொடுமைக்காரியாக இருக்க வேண்டும் என்று என் கை தானாகவே எழுதிவிடுகிறது. வெட்கக்கேடு.

நிஜத்தில், வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “இன்னைக்கு எவ்வளவு?” என்று கேட்பாள். நூற்று நாற்பத்திரண்டு என்பேன். அப்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதற்காகத்தான் எழுதினேன். சரி, இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும் சோற்றுக்காகவும்தான்.

3

என்ன ஆபத்து என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். என் இடது கண்ணில் புரை. தொழில் அச்சகத்தில் பிழை திருத்துவது, ஆகவே கண்தான் எனக்குக் கைகால். அறுவை சிகிச்சை செய்தால் தெளிந்துவிடும். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கும் சர்க்கரை 180க்குக் கீழே நின்றால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சர்க்கரை டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

நோட்டோடு போனோம். புரட்டினார்.

“142, 138, 145... ஏன் சார், ஒரு நாள்கூட உங்களுக்கு ஒரு விருந்து, ஒரு காய்ச்சல், ஒரு கோவம் வரலையா?”

“ரொம்பக் கட்டுப்பாடா இருந்தேன் டாக்டர்.”

“மூணு மாசச் சராசரியைச் சொல்ற ரத்தப் பரிசோதனையும் வந்திருக்கு. அது வேற கதை சொல்லுதே. இந்த நோட்டை நம்பிக் கண்ணுல கத்தி வச்சு, புண்ணு ஆறாம சீழ் புடிச்சா? இருக்கற பார்வையும் போயிடும் சார்.”

பக்கத்திலிருந்து மனைவி சொன்னாள்: “எனக்குத் தெரியும் டாக்டர். இவரே சொல்லிடுவார்னுதான் இவ்வளவு நேரம் பாத்தேன்.”*

* முதல் பகுதியின் அடைப்புக்குறி இங்கே உடைகிறது. மெஷினில் ஒரு பொத்தானை அமுக்கினால் பழைய எண்களெல்லாம் வரிசையாக வருமாம். இருபது வருட எழுத்தாளனுக்கு அது தெரியவில்லை.

4

பையிலிருந்து டிக்கெட் சுருளில் கிழித்த ஒரு துண்டை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். பொடி எழுத்தில் என் நிஜ எண்கள். 268, 251, 254, 238, 222, 209.

“மூணு வாரமா இறங்குது டாக்டர். நல்லா நடக்கறார்.”

நானா? நடக்கிறேனா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், “தனியாச் சாப்பிடப் புடிக்கலைங்க, மத்தியானம் டிப்போவுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு வாங்க” என்றிருந்தாள். அங்கே என் தட்டில் முதலில் கீரையை வைப்பாள், அது தீர்ந்தால்தான் முட்டை, கடைசியில் ஒரு கைப்பிடிச் சோறு. சாப்பிட்டு எழுந்த கையோடு, “வாங்க, டயர் பாத்துட்டு வரலாம்” என்பாள். வரிசையாக நிற்கும் பேருந்துகளைச் சுற்றி இருபது நிமிடம் நடப்போம். ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் தட்டிப் பார்ப்பாள். நேரக் காப்பாளர் ஜன்னல் வழியே, “என்ன சார், இன்ஸ்பெக்டர் ஆயிட்டீங்களா?” என்று கிண்டல் பண்ணுவார். தன்னுடைய ஒரு பேருந்தை ஓட்டுகிறவள் பத்தொன்பது பேருந்தின் டயரை ஏன் பார்க்க வேண்டும்? எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

எண் இறங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை. பார்த்ததும் மறக்கப் பழகியிருந்தேன்.

ஒரு சண்டை இல்லை, ஒரு குத்தல் பேச்சு இல்லை. என் மானத்தை வாங்காமல் என் ரத்தத்தைச் சரிபண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த நன்றியை எந்த வாக்கியத்தில் வைப்பது என்று நாலு தடவை எழுதிப் பார்த்தேன். “அவள் எனக்கு

வேண்டாம். நன்றி. அவ்வளவுதான்.

5

டாக்டரம்மா இன்னும் மூன்று வாரம் கொடுத்தார். அன்றிலிருந்து நோட்டில் அவள்தான் எழுதுகிறாள், என்னைப் பேனாவைத் தொட விடுவதில்லை. இந்தக் கதையை நடைக்கு நடுவே எழுதுவதால் பாதி வாக்கியங்கள் டயர் பார்க்கப் போய்விட்டன. போகட்டும், சர்க்கரை இறங்குகிறதே.

இன்று கடைசி நாள். அவளுக்கு விடுமுறை. வீட்டிலேயே சாப்பிட்டு, தெருவில் நிற்கிற வண்டிகளைச் சுற்றி நடந்துவிட்டு வந்தோம். விரலில் குத்தியாயிற்று.

முடிவு ஒன்று: 171. கண்ணுக்குத் தேதி கிடைக்கிறது. (வாசகர் மகிழ்வார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: 203. இன்னும் மூன்று வாரம், இன்னும் கீரை.

முடிவு மூன்று: மெஷினில் பேட்டரி (சீ, இது திருட்டுத்தனம். அடித்துவிட்டேன்.)

மெஷின் கூவியது. நான் பார்க்காமல் அவள் பக்கம் நீட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மெஷினைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். நோட்டைத் திறந்து, பேனாவை என் கையில் கொடுத்தாள்.

“இன்னைக்கு நீங்களே எழுதுங்க” என்றாள்.

எண் எவ்வளவு என்பதை நீங்களே ஊகித்து வைத்துக்கொள்ளுங்கள். என்மேல் இரக்கப்பட்டு மட்டும் குறைத்துவிடாதீர்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெஷினில் இருந்ததை எழுதினேன்.