கிஸிருக்குத் தண்ணீர் கூடிப்போன நாள்

நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையிலிருந்து எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வந்து, என் கணவரின் கையை முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மிட்டாய் வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவரும் ராஜா மாதிரி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுப் பொடியன் மிட்டாய்க்காக இரண்டாவது தடவையும் வந்தான், அவனுக்கும் கொடுத்தார். பெற்ற மகளுக்கு மட்டும் அந்தக் கை கிடையாதாம்.

முந்தின நாளே சொல்லிவிட்டார். "வரட்டும், பெரிஹான். உக்காரட்டும், டீ குடிக்கட்டும், போகட்டும். கை மட்டும் குடுக்க மாட்டேன்."

"கையை எங்க வெச்சுப்பீங்களாம்?"

"பாக்கெட்டுல."

"நல்லா இருக்கு. அம்பத்தெட்டு வயசுல பாக்கெட்டுல கையை விட்டுக்கிட்டு நிக்கிற அழகை நானும் பாக்கறேன்."

வாயால் கேலி செய்தேனே தவிர, விஷயம் கேலியில்லை. பெருநாளன்று பெரியவர் கையை நீட்டிவிட்டால் பழைய கோபம் அதோடு சரி, யாரும் எதையும் கிளறக்கூடாது. நீட்டவில்லை என்றால் வந்தவர்கள் மறுபடி படியேற மாட்டார்கள். எல்வான் போனில் தெளிவாகவே சொல்லியிருந்தாள். "அப்பா கை குடுக்கலேன்னா இதுதான் கடைசிம்மா. துன்ஜாயை இன்னொரு தடவை அந்த வாசல்ல நிக்கவெச்சு நான் அவமானப்படுத்த மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும்.

என் கணவர் ரிஃபாத் எங்கள் ஊர் தார்சூஸிலிருந்து இஸ்தான்புல்லுக்குப் பேருந்து ஓட்டியவர். துன்ஜாய் அவர் வண்டியில் கிளீனர். கருங்கடல் பக்கத்துப் பையன், காரம் கண்டால் ஓடுவான், நெத்திலி மீன் என்றால் உயிரை விடுவான். ஆறு வருடம் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தூங்காமல் பேச்சுக் கொடுத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்தவன். வண்டி திரும்பி வரும் நாளெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, எங்கள் சோபாவில்தான் தூக்கம். ஒருநாள் அவனுடைய அப்பா அம்மா பூவும் சாக்லேட்டுமாகப் பெண் கேட்டு வந்து நின்றபோதுதான் இவருக்கு விஷயமே தெரியும். காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "எங்கிட்ட பொண்ணு இல்லை" என்றார். அடுத்த வாரமே எல்வான் பையைத் தூக்கிக்கொண்டு அவனோடு போய்விட்டாள். பதிவாளர் முன்னால் கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவன் ஏழை என்றோ வேற்றூரான் என்றோ இவருக்குக் குறையில்லை. "ராத்திரி ராத்திரியா என் பக்கத்துலயே உக்காந்துட்டு வந்தான், பெரிஹான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்பார். இதை மட்டும் நூறு தடவை கேட்டிருப்பேன்.

பிள்ளைகள் வராத நேரத்தில் அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. பால்கனிக்குப் போவார், தெருவைப் பார்ப்பார், திரும்பி வந்து குளிர்பெட்டியைத் திறப்பார், ஒன்றும் எடுக்காமல் சாத்துவார்.

"யாரைத் தேடறீங்க?"

"யாரையும் தேடலை. வண்டியை எவனோ குறுக்க நிறுத்தியிருக்கான்."

"அவங்க பஸ்லதான் வராங்க."

"நான் கேட்டேனா?"

மகளுக்குக் கிஸிர் என்றால் பைத்தியம். பெருநாள் பலகாரமெல்லாம் தின்று திகட்டிப்போன வாய்க்கும் அதுதான் சரி. சன்னப் புல்குர் கோதுமை நொய்யைத் தாம்பாளத்தில் கொட்டி, அளவாகக் கொதிநீர் ஊற்றி, துணி போட்டு மூடி வைத்தேன். அது பாட்டுக்கு ஊறட்டும் என்று பார்ஸ்லியையும் புதினாவையும் வெங்காயத்தாளையும் நறுக்க உட்கார்ந்தேன். கத்தி ஓடியதே தவிர மனம் வாசலில் இருந்தது. எதிர்வீட்டு ஹந்தான் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். நல்லவள்தான், ஆனால் நம் வீட்டில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"அக்கா, எல்வான் வர்றாளாமே? உங்க வீட்டுக்காரர் கை குடுப்பாரா?"

"உனக்கு என்னடி? கைரேகை பாக்கப் போறியா?"

"அதுக்கில்லக்கா. போன பெருநாளுக்கு எங்க மாமனார் அவர் தம்பிக்குக் கை குடுக்கலை. அதோட முடிஞ்சுது. மாமனார் மய்யத்துக்குக்கூட அவங்க வரலை."

இதைச் சொல்ல அவளுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை. அடுப்பில் கெண்டி மறுபடி கொதித்தது. நான் எழுந்தேன், துணியை விலக்கினேன், மய்யத்துக்கு யார் வருவார் யார் வரமாட்டார் என்று கணக்குப் போட்டபடியே கெண்டியைக் கவிழ்த்தேன். ஹந்தான் "அக்கா!" என்று கத்தியபோதுதான் என் கை நின்றது. அதற்குள் தாம்பாளத்தில் குளம் கட்டிவிட்டது.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதைவிடத் தலைகுனிவு கிடையாது. பிலாவ் கெட்டுப்போனால் அடுப்பைக் குறை சொல்லலாம். கிஸிருக்குத் தண்ணீர் கூடினால் கையைத்தான் குறை சொல்வார்கள்.

"உன் வீட்டுல சன்னப் புல்குர் இருக்கா?" என்றேன்.

ஹந்தான் ஓடிப்போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். அவள் அசட்டுத்தனத்தை எல்லாம் அந்த இடத்திலேயே மன்னித்தேன். காய்ந்த நொய்யைக் கொட்டிப் பிசைந்தால் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு அழுத்திப் பிசைய வேண்டும், விடாமல் பிசைய வேண்டும். போன மழைக்காலத்தில் படியில் விழுந்ததிலிருந்து என் மணிக்கட்டு அதற்கு லாயக்கில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிசைந்தேன். அப்போது குளிர்பெட்டியை மறுபடி திறக்க வந்த ரிஃபாத் எட்டிப் பார்த்தார்.

"இது என்னது? கிஸிரா, கொழந்தைக்குக் கஞ்சியா?"

"ஆமா, கஞ்சிதான். ஸ்பூன் கொண்டு வாங்க, ஊட்டி விடறேன்."

"தள்ளு."

"வேணாம், உங்க கையைப் பாக்கெட்டுல பத்திரமா வெச்சுக்குங்க."

"தள்ளுன்னு சொன்னேன்ல. புல்குரை இப்படிக் கொல்றதைப் பாத்துட்டு நிக்க முடியாது."

எங்கள் பக்கத்து ஆண்கள் தேநீர் போடச் சொன்னால் கெண்டி எது என்று கேட்பார்கள். ஆனால் புல்குர் பிசைவதில் தங்களை மிஞ்ச ஆளில்லை என்று அத்தனை பேருக்கும் நினைப்பு. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், தாம்பாளத்தைத் தரையில் வைத்து முழங்கால் போட்டு உட்கார்ந்தார். "மிளகாய் விழுது. இன்னும். என்ன கஞ்சத்தனம்? மாதுளைப் பாகு எங்க?" நான் ஊற்ற ஊற்ற அவர் உள்ளங்கையால் தள்ளினார், மடித்தார், மறுபடி தள்ளினார். காலையிலிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த மனிதருக்கு அப்போதுதான் போக ஒரு இடம் கிடைத்தது. நொய் மெல்ல மெல்லச் சிவந்து, ஈரத்தைக் குடித்து, கையில் ஒட்டாமல் திரள ஆரம்பித்தது. மனிதர் நெற்றியெல்லாம் வியர்வை.

ஹந்தான் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அழைப்புமணி அடித்தது.

அவர் கை நின்றது. ஒரு நொடிதான். பிறகு முன்னைவிட வேகமாகப் பிசைந்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன். எல்வான் இளைத்திருந்தாள். என் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்தாள், நான் இழுத்துக் கட்டிக்கொண்டேன். துன்ஜாய் இனிப்புப் பெட்டியை நீட்டி, "பெருநாள் வாழ்த்துகள்மா" என்று குனிந்தான். அவனுக்கும் கை கொடுத்தேன். அவன் கை ஜில்லென்று இருந்தது. அவன் வாசற்படிக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றான்.

"அப்பா எங்க?"

"சமையலறைல. கிஸிர் பிசையறார்."

அவள் என்னை நம்பாத மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். நான் பின்னாலேயே போனேன். ரிஃபாத் தலையைத் தூக்கவில்லை. அவள் அவர் எதிரில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, "அப்பா, பெருநாள் வாழ்த்துகள்" என்று கையை நோக்கிக் குனிந்தாள்.

"கை அழுக்கா இருக்கு" என்றார்.

பொய்யில்லை. மணிக்கட்டுவரை சிவப்பு. ஆனால் கை அழுக்காக இருந்தால் என்ன செய்வார்கள் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? மெக்கானிக் ஆனாலும் கசாப்புக்கடைக்காரர் ஆனாலும் மணிக்கட்டை மடக்கி முழங்கையை நீட்டுவார்கள். இவர் அதையும் நீட்டவில்லை. எல்வான் குனிந்தது குனிந்தபடி கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு எழுந்தாள். "சரிப்பா" என்றாள். கூடத்துக்குப் போய், "துன்ஜாய், உள்ள வராத. போகலாம்" என்று சொல்லி, ஷூவை இழுத்து மாட்டத் தொடங்கினாள்.

அந்தத் தாம்பாளத்தை அப்படியே அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கவிழ்த்தும் இருப்பேன், மணிக்கட்டு மட்டும் நன்றாக இருந்திருந்தால்.

அவர் பிசைந்து முடித்திருந்தார். ஒரு பிடி எடுத்து அமுக்கினார், விரல் தடம் நாலும் பதிந்தது. பிசைந்தவரே உப்புப் பார்ப்பது வழக்கமில்லை, இன்னொருவர் வாயில்தான் வைப்பார்கள். கையை என் பக்கம் நீட்டினார். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

"என்ன?"

"நான் பாக்க மாட்டேன். இனிமே இந்த வீட்டுல உப்பு இருந்தா என்ன, இல்லேன்னா என்ன? நீங்களே பிசைஞ்சு நீங்களே தின்னுங்க."

அவர் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றார். என்னைப் பார்த்தார். கூடத்தில் ஷூ தரையில் தட்டும் சத்தம் கேட்டது. அவர் முகத்தில் ஒரு பயம் தெரிந்தது. இருபத்தெட்டு வருடம் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவரிடம் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"எல்வான்" என்றார். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது. "உப்புப் பாத்துட்டுப் போ."

அவள் ஒற்றைக்கால் ஷூவோடு அப்படியே நடந்து வந்தாள். பெருநாளுக்காகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய தரை. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். அவர் எதிரில் மறுபடி உட்கார்ந்து, அவர் கையிலிருந்தே வாயால் வாங்கிக்கொண்டாள். மென்றாள். அவர் கையை எடுக்கப் போனார், அவள் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, அந்தச் சிவந்த கையை முத்தமிட்டு நெற்றியில் அழுத்தினாள். நெற்றியெல்லாம் மிளகாய் விழுது, நாலைந்து நொய்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"உப்புப் பத்தலைப்பா."

"பத்தலையா? யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன். நம்பலேன்னா அவரைக் கேளுங்க."

ரிஃபாத் வாசல் பக்கம் திரும்பினார். துன்ஜாய் இன்னும் அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தான். இவர் ஒரு பிடி எடுத்தார். அமுக்கினார். அமுக்கினதையே மறுபடி அமுக்கினார். எங்கள் மூன்று பேருக்கும் அதற்குள் உயிர் போய் வந்தது.

"டேய், அங்க என்ன டிக்கெட்டா கிழிக்கிற? வா இங்க."

அவன் ஷூவை உதறிவிட்டு ஓடிவந்தான். குனிந்து வாங்கிக்கொண்டான், கையை முத்தமிட்டான், நெற்றியில் வைத்தான். காரம் ஏறி அவன் கண் இரண்டும் கலங்கிவிட்டது. காரம்தானா என்று நான் ஆராயவில்லை.

"என்ன, பத்தலையா?"

அவன் எல்வானைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு, கேப்டன். ஆனா ஒரு சிட்டிகை... போட்டாலும் தப்பில்லை."

"கேட்டியா, பெரிஹான்? பொண்டாட்டிகிட்டயும் பயம், என்கிட்டயும் பயம். வீட்டுல என்னடா கேப்டன்? இங்க என்ன பஸ்ஸா ஓடுது? போ, போய் உப்பு டப்பாவை எடு. மேல் தட்டுல..."

"தெரியும்ப்பா" என்றான் துன்ஜாய். அவர் தாம்பாளத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அவர் போட்டுப் பிசைந்த பிறகு நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். கரித்தது. முதலிலேயே உப்புச் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எல்வானைப் பார்த்தேன். அவள் லெட்டூஸ் இலையைக் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான்கு பேரும் உப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் தாம்பாளத்தைக் காலி செய்தோம். அன்று சாயங்காலம்வரை குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை.