அண்ணனைச் சுடலாமா?

1

இந்தக் கதை ஒரு தண்ணீர் மோட்டாரில் பிறந்தது. கராச்சியில் எங்கள் தெருக் குழாய்க்குத் தண்ணீர் வருவதே அபூர்வம். வந்துவிட்டால் மழை, இடி எதையும் பார்க்காமல் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டு உறிஞ்ச வேண்டும்; இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மோட்டார் உறிஞ்சிவிடும். என் அண்ணன் மிஸ்பாஹ் அப்படித்தான் ஈரக்கையோடு ஓடினான். ஷாக் அடித்துச் செத்துப்போனான்.

2

முதல் தொடக்கம்: “குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டதும் அண்ணன் சாப்பாட்டுத் தட்டை…”

(எழுதியதை அடித்துவிட்டேன். நான் ஆங்கிலத்தில் எழுதும் நாவலைப் போடப்போகிற லண்டன் பதிப்பாசிரியைக்கு இது பிடிக்கவில்லை.)

“செத்த மூணாம் நாள் எல்லாரும் பேரீச்சங்கொட்டைய எண்ணி எண்ணி ஓதுற இடம் பிரமாதம்,” என்றாள் போனில். “அந்த மோட்டார்தான் ஒட்டல. உங்க ஊர்ல துப்பாக்கிச் சூடெல்லாம் நடக்குமே?”

நடக்கும். நடக்காமல் என்ன? அதனால்தான் ‘எழுதிப் பார்க்கிறேன்’ என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இரண்டாம் தொடக்கம்: “பைக்கில் வந்த இருவர்…”

(ஒரே மூச்சில் எழுத வந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.*)

* குண்டடி பட்ட அண்ணனுக்கு நீளமான வசனம் தானாக வந்தது. என் அண்ணன் கடைசியாகச் சொன்னது, “வாளிய எடு.”

3

அண்ணியைக் கேட்காமல் சுட மனம் வரவில்லை. தாபிந்தா அண்ணி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அண்ணி, புத்தகத்துல அண்ணனைச் சுட்டுக் கொல்லச் சொல்றாங்க.”

“ஏன், அவங்க வீட்டுத் தண்ணியையா உங்கண்ணன் உறிஞ்சினாரு?”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“சுட்டுக்கோ நுஸ்ஹத்,” என்றாள். “குண்டு பட்டாதான் அவங்களுக்கு அழுகை வரும்னா சுட்டுக்கோ. கரண்ட்டுல போனவருக்கு இங்கயே யாரு அழுதா? ‘ரப்பர் செருப்பு போட்டிருக்கலாமே’ன்னுட்டு பிரியாணி தின்னுட்டுப் போனாங்க.”

“நீங்க அழுதீங்களே.”

“எனக்கு எங்க இங்கிலீஷ் தெரியும்? நானா உன் புத்தகத்தைப் படிக்கப் போறேன்?”

4

நாளைக்குள் அனுப்பியாக வேண்டும்.

முடிவு ஒன்று: மோட்டார். புத்தகம் வராது. அண்ணன் அண்ணனாகவே இருப்பான், ஒருவருக்கும் தெரியாமல்.

முடிவு இரண்டு: குண்டு. ஊர் உலகமெல்லாம் அழும். அது யாருக்காக அழுகிறது என்பது எனக்கும் அண்ணிக்கும்கூட மெல்ல மறந்துபோகும்.

வாசகரே, உங்கள்மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கராச்சி என்று படித்ததும் நீங்களும் வெடிச்சத்தத்துக்குத்தானே காத்திருந்தீர்கள்? ஈரக்கையோடு ஓடியவனுக்காக உங்களுக்குக் கொஞ்சமாவது அழுகை வந்ததா? வரவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். சுட்டுவிடுகிறேன்.