எல்லாம் நல்லாயிருக்கு சார்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஓசூர் ரோட்டில் நான் சட்டைக் காலர் தைக்கும் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசரிடம் காட்ட முடியாததையெல்லாம் ஈஜிபுராவில் இருக்கும் வீட்டுக்கு வந்து என் மகள் சங்கமித்ராவிடம் காட்டுவேன். அவளும் அதற்குத் தோதாகத்தான் நடந்துகொள்வாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலில் நிற்பாள். பால் பொங்கி அடுப்பே அணைந்திருக்கும், மகாராணி இன்னும் ஜன்னலில்தான் இருப்பாள். ஒரு சடையை மட்டும் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். கணக்கு நோட்டில் முதல் கணக்கு முத்து முத்தாக இருக்கும், இரண்டாவது பாதியில் நிற்கும், மூன்றாவது இருக்கவே இருக்காது.

2004 மே மாதம் எஸ்எஸ்எல்சி ரிசல்ட் வந்தது. ஆறு பாடத்தில் நான்கு போச்சு. என் வீட்டுக்காரர் முனியப்பன் பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"ஜூன்ல இன்னொரு தடவ எழுதட்டும். அதுலயும் போச்சுன்னா உன் கூடவே லைனுக்கு இட்டுனு போயிடு."

பன்னிரண்டு வருஷமாக நான் உட்கார்ந்திருக்கும் அந்தத் தையல் லைனில் என் பெண்ணா? மணிக்கு இத்தனை காலர் என்று டார்கெட், பின்னால் நின்று கத்த ஒரு ஆள். கண் கொஞ்சம் அங்கே இங்கே போனால் ஊசி விரலில் ஏறிவிடும். பால் பொங்குவது தெரியாதவள் அங்கே எத்தனை நாளைக்குப் பத்து விரலோடு இருப்பாள்?

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மகாராணி ஹால் டிக்கெட்டைத் தொலைத்தாள். வீட்டையே தலைகீழாகப் புரட்டினோம். கிடைக்கவில்லை. கையில் கிடைத்த கரண்டியால் அடித்தேன். அவள் தடுக்கக்கூட இல்லை, சுவரோரம் குந்தி அடியை வாங்கிக்கொண்டாள். சத்தம் கேட்டு அடுத்த தெருவில் இருக்கும் ஜோசஃபின் மிஸ் ஓடி வந்து கரண்டியைப் பிடுங்கினார். ஆறாம் வகுப்பில் மித்ராவுக்குக் கிளாஸ் டீச்சராக இருந்தவர்.

"ஹால் டிக்கெட் வேற வாங்கிக்கலாம் சரசு, ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட நான் பேசறேன். அத விடு. இவளுக்கு ஏதோ இருக்குனு அப்பவே லெட்டர் குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேனே, அங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லைனு சொல்லிட்டாங்க மிஸ்."

"நீ அவங்ககிட்ட என்ன சொன்ன?"

நான்கு வருஷமாக அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

எங்கள் கம்பெனிக்கு வருஷத்தில் இரண்டு முறை வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்களின் ஆட்கள் சோதனைக்கு வருவார்கள். கையில் கட்டம் கட்டமாக அச்சடித்த காகிதம் இருக்கும். தண்ணீர் குடிக்க விடுகிறார்களா, யாராவது திட்டுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் போடுவார்கள். அதற்கு முதல் நாளே எங்களை நிற்கவைத்துப் பாடம் நடத்துவார்கள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான், எல்லாம் நல்லாயிருக்கு சார். சந்திரம்மா என்று ஒருத்தி மட்டும் உள்ளதைச் சொன்னாள். அடுத்த வாரம் அவள் மெஷினில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து கட்டம் போட்ட காகிதத்தோடு எதிரில் யார் உட்கார்ந்தாலும் என் வாய் தானாக ஒப்பிக்கும். ஆஸ்பத்திரியிலும் ஒப்பித்தேன். பெண்ணை வெளியே உட்காரவைத்துவிட்டு ஒரு சின்ன டாக்டர் கேட்டார். சொன்ன வேலையை முடிப்பாளா? முடிச்சிடுவா சார். பொருளைத் தொலைப்பாளா? இல்ல சார், ஜாக்கிரதையா வச்சிப்பா. உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயம். திரும்பி வரும்போது நன்றாகச் சமாளித்தோம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. முட்டாள், வடிகட்டின முட்டாள்.

அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டு அதே ஆஸ்பத்திரிக்கு மித்ராவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். இந்த முறை பெரிய டாக்டர், ஆராவமுதன் என்று பேர். அவளிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசிவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஏடிடின்னு ஒண்ணு இருக்கும்மா. கவனம் நிக்காது. சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. அதுக்கு மருந்து இருக்கு, எப்படிப் படிக்கணும்னு பழக்கிவிடவும் இங்க ஆள் இருக்கா. ஆனா சின்ன வயசுலேர்ந்தே இருந்திருந்தாத்தான் இந்தப் பேரை நான் எழுத முடியும். பழைய ஃபைல்ல நீங்களே ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருக்கேளே?"

ஃபைலை எங்கள் பக்கம் திருப்பினார். நான் எட்டுவதற்குள் மித்ரா அதை இழுத்துக்கொண்டாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எந்தப் புத்தகத்தையும் அவள் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. முடித்துவிட்டு, தூக்கி என் முகத்தில் எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நீ சொன்னதாம்மா? சொன்ன வேலைய முடிச்சிடுவா, ஜாக்கிரதையா வச்சிப்பானு... என்னப் பத்தியா சொன்ன?"

மறுபடி விரலை அதே வரியில் வைத்தாள்.

"அப்போ நான் நல்லாதான் இருந்தேனா?"

ஆமாண்டி கண்ணு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் சிரிப்பு நின்றிருக்காது. மருந்தும் கிடைத்திருக்காது. ஜூனில் மறுபடி ஃபெயிலாவாள், ஜூலையில் என் பக்கத்து மெஷினில் இருப்பாள். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பெண்ணை நான் நல்லவள் என்று சொன்ன ஒரே காகிதம் அது.

"பொய் மித்ரா," என்றேன். "பயந்துனு சொன்னேன். அதுல இருக்கறது அத்தனையும் பொய்."

அவள் ஃபைலை மூடி மேஜையில் வைத்தாள். டாக்டர் புதுக் காகிதம் எடுத்தார். ஐந்து வயதில் எப்படி இருந்தாள், ஏழில் எப்படி என்று கேட்கக் கேட்க உள்ளதைச் சொன்னேன். வேலையை முடிக்கமாட்டாள். பொருளைத் தொலைப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது. ஒவ்வொன்றையும் அவள் எதிரிலேயே சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் மித்ராவே பதில் சொன்னாள். "எப்பவும்," என்றாள். அடுத்ததற்கும் "எப்பவும் சார்". வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் இருந்தது அவள் குரல்.

கடைசியாக டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் எதுக்கும் உதவமாட்டேன், நான் பொறந்தே இருக்க வேண்டாம், இப்படியெல்லாம் குழந்தை சொல்றதுண்டா?"

மித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல சார்," என்றேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

"இது நெஜம் சார். அவ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. நான்தான் சொன்னேன். டெய்லி அவ மூஞ்சிக்கு நேரா நான்தான் சொன்னேன்."